"மூக்கு நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லாதீர்கள்

மானகிரியில் எங்கள் தெருவில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும், "அந்தத் தம்பி ரொம்பக் கூச்சம், தலை நிமிராது" என்றுதான் சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள். தலை நிமிராத பையன் என்றால் எங்கள் பக்கம் நல்ல பையன். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து முப்பது வயது வரை அந்த நல்ல பெயருக்குப் பின்னால் ஒரு நோய் இருந்தது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டர் என்று அதற்குப் பெயர். சுருக்கமாக பி.டி.டி. உடம்பில் ஏதோ ஒரு பாகம் கோணலாக இருக்கிறது, அசிங்கமாக இருக்கிறது என்ற எண்ணம் மனதைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்தக் குறை மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் பொருட்படுத்தும் அளவுக்கு இருக்காது. ஆனால் அந்த எண்ணத்தில் மாட்டிக்கொண்டவருக்கு ஒரு நாளில் மூன்றிலிருந்து எட்டு மணி நேரம் வரை அதே யோசனையில் போய்விடுகிறது என்று இதைப் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. என் நாட்கள் அப்படித்தான் போயின.

எனக்கு மூக்கு. அது இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, நுனி தடித்திருக்கிறது, எதிரில் நிற்பவர்கள் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள் என்று ஒன்பதாம் வகுப்பில் தோன்ற ஆரம்பித்தது. காம்பஸ் பாக்ஸில் இருந்த ஸ்கேலைக் கண்ணாடி முன்னால் முகத்தில் வைத்து, புருவ நடுவிலிருந்து மூக்கு நேராக இறங்குகிறதா என்று அளப்பேன். ஸ்கேலைக் கொஞ்சம் சாய்த்தால் மூக்கு நேராகும், நிமிர்த்தினால் சாயும். எது சரியான நேர் என்று முடிவுக்கே வராது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு மாதிரி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு மாதிரி. மறுபடியும் முதலிலிருந்து. அம்மா வந்து கதவைத் தட்டும்வரை இது நடக்கும்.

வீட்டுக்குள் கண்ணாடியை விட்டு நகர முடியாது. வெளியே போனால் கண்ணாடி இருக்கும் இடத்துக்கே போக முடியாது. இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கும். காரைக்குடிக்குப் பஸ் ஏறினால் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தால்தான் உட்காருவேன். பக்கத்தில் இருப்பவருக்கு என் முகத்தின் வலப்பக்கம்தான் தெரியும். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போவேன். முடி வெட்டும் கடை இன்னும் கொடுமை. முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி, நடுவில் எழுந்து ஓட முடியாதபடி கழுத்தில் துணி. கண்ணை இறுக மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். "என்ன தம்பி, ராத்திரி தூக்கமில்லையா?" என்று கடை அண்ணன் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆமாண்ணே என்பேன்.

இதில் நாங்கள் இருப்பது செட்டிநாட்டில். பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பாவிய தரை, சுவரில் சற்றே முன்னால் சாய்த்து மாட்டிய ஆளுயரப் பெல்ஜியம் கண்ணாடி. இதையெல்லாம் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எங்கள் வீடு அப்படிப்பட்ட வீடு இல்லை. ஆனால் கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று யாராவது பெரிய வீட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். முகப்பிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு எந்தப் பக்கமாகப் போனால் எந்தக் கண்ணாடியிலும் விழாமல் போகலாம் என்பது எனக்கு அந்த வீட்டுக்காரர்களைவிட நன்றாகத் தெரியும். ரசம் போன பழைய கண்ணாடிகளுக்குப் பக்கத்தில் மட்டும் நிம்மதியாக நிற்பேன்.

கல்யாணத்தில் அதைவிடப் பெரிய ஆபத்து போட்டோவும் வீடியோவும். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். மொய் எழுதுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன். மேசை, நோட்டு, பேனா. காலையிலிருந்து பந்தி முடியும்வரை குனிந்த தலை நிமிர வேண்டாம். ஊர்ப்பெயர், அப்பா பெயர், தொகை என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கலாம். எதிரில் நிற்பவருக்கு என் உச்சந்தலைதான் தெரியும். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டால், "மொய்யை விட்டுட்டு எப்படி வர்றது?" என்று கேட்டால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். சொந்தத்தில் பொறுப்பான பையன் என்று பெயர் வந்தது அப்படித்தான். பத்துப் பதினைந்து வருடக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினால் எங்கள் குடும்பத்தில் நான் என்று ஒருவன் இருந்ததற்கே அடையாளம் இல்லை. என் தங்கை கல்யாண ஆல்பத்திலும்.

2020இல் முகக்கவசம் வந்தது. ஊரே மூச்சு முட்டுகிறது என்று அலுத்துக்கொண்டபோது நான் முதன்முறையாகக் காரைக்குடி கடைத்தெருவில் தலை நிமிர்ந்து நடந்தேன். எல்லோரும் கழற்றிய பிறகும் தூசி அலர்ஜி என்று சொல்லி ரொம்ப நாள் போட்டிருந்தேன். பி.டி.டி. உள்ளவர்கள் பலருக்கும் இதே அனுபவம் இருந்திருக்கிறது. மறைத்துக்கொள்வது அந்த நேரத்துக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் மறைத்துப் பழகப் பழக, மறைக்காமல் இருப்பது இன்னும் பயங்கரமாகிவிடும். கவசத்தைக் கழற்ற வேண்டிவந்தபோது, அதைப் போடத் தொடங்குவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான நிலையில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் மூக்கை அறுவை செய்து சரிபண்ணிவிடுவது என்று முடிவெடுத்தேன். சீட்டுப் பணம் கைக்கு வந்திருந்தது. வீட்டில் சொல்லாமல் மதுரைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்த்தேன். மூக்கைப் பல பக்கங்களிலிருந்து எடுத்த செல்ஃபிகள் போனில் நிறைய வைத்திருந்தேன். அவர் அவற்றை வாங்கிக் கொஞ்ச நேரம் தள்ளிப் பார்த்தார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "இதைப் பத்தி ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் யோசிப்பீங்க?" என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் கேட்காத கேள்வி. எண்ணிப் பார்த்துச் சொன்னேன். "வேலைக்கு லேட்டாகுதா? கல்யாணம் காட்சிக்குப் போறதில்லையா?" ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். "தம்பி, மூக்குல நான் செய்ய வேண்டிய வேலை எதுவும் இல்ல. செஞ்சாலும் உங்க கவலை தீராது, வேற எடத்துக்குப் போகும். அந்தக் கவலைக்கு வைத்தியம் இருக்கு, அதைப் பாருங்க" என்று ஒரு மனநல மருத்துவர் பெயரை எழுதிக் கொடுத்தார். கிடைக்கவிருந்த பணத்தை வேண்டாம் என்று சொல்லி அனுப்பிய அந்த மனிதருக்கு இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடு போடுகிறேன். பி.டி.டி. உள்ளவர்களுக்கு அழகுக்கான அறுவை செய்தால் பெரும்பாலும் திருப்தி வருவதில்லை. சிலருக்குக் கவலை வேறு பாகத்துக்கு மாறிவிடுகிறது, சிலருக்கு நோயே முற்றிவிடுகிறது. மருத்துவ உலகில் நன்றாகத் தெரிந்த விஷயம் இது. ஆனாலும் நோயாளிகள் முதலில் போய் நிற்பது தோல் டாக்டரிடமும் சர்ஜனிடமும்தான்.

மூக்கு அறுவை என்பதே நம் நாட்டிலிருந்து போன கலை. 1794இல் லண்டனில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் கவாஸ்ஜி என்பவரின் படமும் கதையும் அச்சானது. ஆங்கிலேயர் படையில் மாட்டுவண்டி ஓட்டியவர், திப்பு சுல்தான் படையிடம் சிக்கி மூக்கையும் ஒரு கையையும் இழந்தவர். புனே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை மடக்கி இறக்கிப் புது மூக்கு செய்து கொடுத்தார். அதைப் படித்துத்தான் ஐரோப்பிய மருத்துவர்கள் அந்த முறையைக் கையில் எடுத்தார்கள். மூக்கு வெட்டுப்பட்ட மனிதருக்கு அது மறுவாழ்வு. என் மூக்கை யாரும் வெட்டவில்லை. அடிபட்டிருந்தது வேறு இடம்.

மனநல மருத்துவரிடம் போனபோது நான் எதிர்பார்த்தது ஓர் உபதேசம். உடம்பு நிலையில்லாதது, உள்ளம்தான் முக்கியம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வீட்டில் பெரியவர்கள் ஏற்கெனவே நிறையச் சொல்லியிருந்தார்கள். காரைக்கால் அம்மையார் தன் அழகை உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கிக்கொண்ட கதையை ஒரு பெரியப்பா உருக்கமாகச் சொன்னார். அம்மையார் தன் வடிவத்தைத் தானே வேண்டாமென்று விட்டவர். எனக்கோ அதை விடவே முடியவில்லை. அந்தப் பெரிய துறவை ஒரு நோயாளியின் தலையில் ஏற்றுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். மருத்துவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. கேள்விகள் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "இது பழைய வியாதி தம்பி, உங்களுக்கு மட்டும் வந்தது இல்ல" என்று சொல்லி விளக்க ஆரம்பித்தார்.

உண்மையிலேயே பழைய வியாதிதான். இத்தாலிய மனநல மருத்துவர் என்ரிகோ மோர்செல்லி 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதற்கு ஒரு பெயர் வைத்து எழுதியிருக்கிறார். சாப்பிடும்போது, படிக்கும்போது, யாருடனாவது பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தன் உருவத்தைப் பற்றிய சந்தேகம் வந்து தாக்கும் என்று அவர் விவரிப்பதைப் பின்னால் படித்தேன். ஃபிராய்டிடம் சிகிச்சை பெற்றுப் பிரபலமான ரஷ்யர் செர்கெய் பங்கெயேவுக்கும் இதே மூக்குக் கவலைதான். 1926இல் வியன்னாவில் ரூத் மேக் பிரன்ஸ்விக் என்ற மருத்துவர் அவரைப் பார்த்தார். பையில் சிறு கண்ணாடி, தெருவில் நடந்தால் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் மூக்கைப் பார்ப்பது, வேலை வெட்டி எதுவும் ஓடாதது என்று அவர் எழுதிவைத்ததைப் படித்தபோது, நூறு வருடத்துக்கு முந்திய வியன்னாவுக்கும் எங்கள் காரைக்குடி கடைத்தெருவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 1987இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இன்றைய பெயர் ஏறியது. 2013 பதிப்பில், திரும்பத் திரும்பக் கை கழுவுவது போன்ற ஓ.சி.டி. நோயோடு ஒரே குடும்பமாகச் சேர்த்தார்கள். எனக்கு மிகவும் உதவிய தகவல் இதுதான். நான் தற்பெருமைக்காரன் இல்லை, அழகுப் பைத்தியம் இல்லை, ஓயாமல் சரிபார்க்கச் சொல்லும் ஒரு நோய் எனக்கு இருக்கிறது.

எத்தனை பேருக்கு வரும்? அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் எடுத்த கணக்குகளில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றில் இரண்டு பேருக்குப் பதினெட்டு வயதுக்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறது. பையன்களில் சிலருக்கு இது வேறு வேஷத்தில் வரும். உடம்பு போதாது, தோள் போதாது என்று நாள் முழுக்க ஜிம், புரதப் பொடி, ஊசி என்று போய்விடுவார்கள். அதுவும் இதன் ஒரு வகைதான் என்று 1997இல் ஹாரிசன் போப் என்ற அமெரிக்க மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் எழுதினார்கள். "பையன் உடம்பை நல்லா வச்சிருக்கான்" என்று நாம் மகிழ்ந்துபோய்ச் சொல்லும் பிள்ளைகளில் யாராவது ஒருவன் சட்டையைக் கழற்றக் கூசிக்கொண்டிருக்கலாம்.

கண் ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்று மருத்துவரைக் கேட்டேன். கண் இல்லை, மூளை பார்க்கும் விதம் என்றார். கலிபோர்னியாவில் ஜேமி ஃபியூஸ்னர் குழுவினர் 2007இலிருந்து செய்த மூளை ஸ்கேன் ஆய்வுகளில், பி.டி.டி. உள்ளவர்கள் முகத்தை முழுமையாக வாங்கிக்கொள்வதைவிட நுணுக்கங்களைப் பிடித்துக்கொள்ளும் போக்கு தெரிந்தது. முகங்களைப் பார்க்கும்போது நுணுக்கத்தைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் கூடுதலாக வேலை செய்தன. வளவில் உட்கார்ந்து ஒரே ஓர் ஆத்தங்குடிக் கல்லில் இருக்கும் மேடுபள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் தரையில் விரிந்திருக்கும் கோலம் எப்படிக் கண்ணில் படும்? என் முகத்தை நான் அப்படித்தான் பார்த்துவந்தேன்.

இதில் செல்போன் வேறு. 2018இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கணக்கு: ஓரடி தூரத்தில் பிடித்து எடுக்கும் செல்ஃபியில், ஐந்தடி தள்ளி எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். கிட்டே இருக்கும் பொருள் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். நான் மதுரை சர்ஜனிடம் ஆதாரமாகக் காட்டிய படங்கள் எல்லாம் அந்த ஓரடிப் படங்கள்.

சரி, சிகிச்சை. இரண்டு வழி உண்டு, பலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். ஒன்று மாத்திரை. ஃப்ளூக்ஸெட்டின், எஸ்சிடலோபிராம் போன்றவை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவு தேவைப்படலாம், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். அளவை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டும். தேறியதும் நாமே நிறுத்திவிடக் கூடாது. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், எஸ்சிடலோபிராமில் தேறியவர்களில் பாதிப் பேருக்கு அதையே தொடர்ந்து கொடுத்தார்கள், மீதிப் பேரை வெற்று மாத்திரைக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் நோய் திரும்பியது முதல் பிரிவில் 18 சதவீதம், இரண்டாவதில் 40 சதவீதம். என் அத்தை, "எம்புட்டு நாளைக்குத்தான் மாத்திரை முழுங்குவ?" என்று கேட்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை எளிமையானது, ஆனால் பயங்கரக் கஷ்டம். பயப்படுவதைச் சிறிதிலிருந்து பெரிதாகப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும். பதற்றத்தைத் தணிக்க வழக்கமாக என்ன செய்வோமோ அதைச் செய்யாமல் இருக்க வேண்டும். பஸ்ஸில் வலப்பக்கம் உட்கார்ந்து போ. முடி வெட்டும்போது கண்ணைத் திறந்து வை. கடைக் கண்ணாடியைத் தாண்டும்போது திரும்பிப் பார்க்காதே. திருப்பத்தூர் பஸ்ஸில் முதல் தடவை வலப்பக்கம் உட்கார்ந்தபோது உள்ளங்கை நனைந்து டிக்கெட் கசங்கிவிட்டது. குன்றக்குடி வருவதற்குள் இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா வழி முழுக்கத் தன் மருமகளைப் பற்றிப் போனில் பேசிக்கொண்டிருந்தார். என் மூக்கு இருக்கும் திசைக்கே அவர் திரும்பவில்லை.

கண்ணாடியையும் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. முகத்தை ஒட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, ஒரு கை தூரம் தள்ளி நிற்க வேண்டும். உச்சியிலிருந்து கால்வரை உள்ளதை உள்ளபடி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அசிங்கம், கோணல், பரவாயில்லை, அழகு என்ற வார்த்தைகள் எதுவும் வரக் கூடாது. "முடி கறுப்பு, முன்னால் கொஞ்சம் நரை. நெற்றியில் இரண்டு கோடு. புருவம் அடர்த்தி. மூக்கு கண்ணுக்கு நடுவில் ஆரம்பித்து உதட்டுக்கு மேல் முடிகிறது. மீசை." மூக்குக்கு ஒரு வாக்கியம்தான். நின்றுவிடாமல் அடுத்ததற்குப் போக வேண்டும். அப்படிச் சொல்லிக்கொண்டே இறங்கியபோது வலது காதுக்குக் கீழே ஒரு மச்சம் இருப்பதைப் பார்த்தேன். அம்மாவைக் கேட்டால், பிறந்ததிலிருந்தே இருக்கிறது என்றார். இத்தனை வருடம் கண்ணாடி முன்னால் நின்றும் அது என் கண்ணில் பட்டதே இல்லை.

அம்மா என்றதும் தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் ஒரு நாளில் பலமுறை அம்மாவிடம் கேட்பேன். "அம்மா, மூக்கு கோணலாவா இருக்கு?" "நல்லாத்தானப்பா இருக்கு." "சும்மா சொல்லாத." "சாமி சத்தியமா நல்லாத்தான் இருக்கு." கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, அம்மா வேலையாக இருந்தபோது பார்க்காமலே சொல்லியிருப்பாரோ என்று சந்தேகம் வரும். மறுபடி கேட்பேன். பிள்ளை கேட்டால் எந்தத் தாய்தான் பதில் சொல்லாமல் இருப்பார்? ஆனால் அந்தப் பதில்தான் நோய்க்குத் தீனி. ஸ்கேலை வைத்து அளப்பதும், கண்ணாடியில் பார்ப்பதும், அம்மாவிடம் கேட்பதும் ஒரே காரியம். நல்லா இருக்கு என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும், நல்லா இருக்கிறதா என்பதுதான் வாழ்க்கையின் பெரிய கேள்வி என்று மனம் இன்னும் உறுதியாக நம்பிவிடுகிறது.

மருத்துவர் அம்மாவை அழைத்து, இனி அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லக் கூடாது என்றார். அம்மா அழுதுவிட்டார். "புள்ள முகத்தைப் பாத்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருன்னா எப்படி டாக்டர்?" என்று கேட்டார். கோபமாக இருக்கச் சொல்லவில்லை, கேள்வியை மட்டும் விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் மருத்துவர். அம்மா அதைக் கற்றுக்கொண்டார். "அதுக்குப் பதில் சொல்லமாட்டேன்னு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன்ப்பா. கஷ்டமா இருக்கா? வா, வெங்காயம் உரிக்க ஆள் இல்ல." முதலில் எனக்கு ஆத்திரமாக வந்தது. எதிரில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தோம். பதில் கிடைக்காத கேள்வி கொஞ்ச நேரம் கொதித்துவிட்டுத் தானாக அடங்கும் என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த அடுப்படியில்தான்.

அழகாக இருக்கிறாய் என்ற உறுதிமொழியால் இந்த நோய் தீரும் என்றால், அழகானவர்கள் என்று ஊரே ஒத்துக்கொண்டவர்களுக்கு இது வரவே கூடாது. நடிகை இலியானாவை நமக்குத் தெரியும். 2006இல் 'கேடி', 2012இல் 'நண்பன்'. 2017 நவம்பரில் டெல்லியில் நடந்த உலக மனநல மாநாட்டில் அவர் மேடையேறி, தனக்கு பி.டி.டி.யும் மனச்சோர்வும் இருந்ததையும், உடல்வாகைச் சொல்லிக் கேலி செய்யப்பட்டதையும், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்வரை போனதையும் வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு நோயின் பெயர் தெரிந்த அன்று ராத்திரி போனில் தேடியபோது முதலில் கண்ணில் பட்டது அந்தச் செய்தி. 'நண்பன்' படத்தை நண்பர்களோடு பார்த்துவிட்டு, இந்த மாதிரி முகம் இருந்தால் மனிதனுக்கு வேறு என்ன வேண்டும் என்று நினைத்தவன் நான். கோடிப் பேர் பார்த்து ரசித்தது அவருக்கு மருந்தாகவில்லை. தனக்கு இருப்பது நோய் என்று ஒத்துக்கொண்டு உதவி தேடிய பிறகுதான் வழி பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார்.

நம் வீடுகளின் பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்க்கும் பிள்ளையிடம் நாம் முதலில் சொல்வது என்ன? "கறுத்துட்டியே", "இளைச்சு எலும்பாயிட்ட", "மூஞ்சியெல்லாம் என்ன பரு?" பாசத்தில்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். என் அப்பத்தா சாகும்வரை என்னைப் பார்த்ததும், "ஏன் அப்பு, மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டே திரியிற?" என்றுதான் கேட்பார், கேட்டுக்கொண்டே தட்டில் இன்னொரு பணியாரத்தை வைப்பார். இந்தப் பேச்சால்தான் நோய் வருகிறது என்று சொல்ல மாட்டேன். பிறவி வாகு, பரம்பரை, சின்ன வயதுக் கேலி என்று பலதும் சேர்ந்து வருவது இது. ஆனால் மனதில் ஏற்கெனவே விதை விழுந்திருக்கும் பிள்ளைக்கு ஒவ்வொரு விசேஷ வீட்டிலும் நாம் தண்ணீர் ஊற்றுகிறோம். பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். சிவப்பழகு என்று சொல்லி ஒரு க்ரீம் 1975இலிருந்து இந்த நாட்டில் விற்றது. 2020இல்தான் பெயரை மாற்றினார்கள். 2009இல் சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேலின் அமைப்பு, கறுப்பும் அழகே என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஜாதகத்தோடு போட்டோ கேட்கும்போது, "கொஞ்சம் வெளுப்பா எடுத்து அனுப்புங்க" என்று சொல்லும் பழக்கம் எங்கள் ஊரில் இன்னும் போகவில்லை. பார்த்ததும் உடம்பைப் பற்றிப் பேசாமல், "எப்ப வந்த? என்ன படிக்கிற? சாப்பிட்டியா?" என்று கேட்க முடியாதா? பேச நமக்கு வேறு விஷயமா இல்லை?

என் மூக்கு எனக்கு இப்போது பிடித்திருக்கிறதா என்று தங்கை கேட்டாள். இல்லை. பிடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தையும் சேர்த்தேதான் விட்டேன். தன்னை ஏற்றுக்கொள்வது என்றால் கண்ணாடியைப் பார்த்து நான் அழகன் என்று சொல்லிக்கொள்வது என்று பலர் எழுதுகிறார்கள். என்னைப் போன்றவர்களுக்கு அது ஆபத்து. அழகா, அழகில்லையா என்ற அதே வழக்கில் தீர்ப்பை மட்டும் மாற்றிச் சொல்வது அது. நாளைக்கே மேல்முறையீடு வரும். எனக்கு நடந்தது வேறு. அந்த வழக்குக்குக் கொடுத்துவந்த நேரம் குறைந்தது. மூக்கு சாய்ந்திருக்கிறது என்று மனம் சொல்லும். சரி, சாய்ந்திருக்கட்டும், பஸ் வந்துவிட்டது என்று ஏறிவிடுவேன். சில நாட்கள் பழையபடி கண்ணாடி இழுக்கும். தூக்கம் கெட்டால் இழுக்கும், வேலையில் தகராறு என்றால் இழுக்கும். அப்போது மருத்துவர் சொன்னதை எடுத்துச் செய்கிறேன்.

மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறேன் என்பது எனக்கு முக்கியம். தங்கை மகளைக் குன்றக்குடி மலைக்கு நடத்திக் கூட்டிப்போகிறேன். அவள் மேலே ஏறியதும் என் போனைப் பிடுங்கிப் படம் எடுப்பாள். கை ஆடும், பாதி முகம் வெட்டுப்படும், இடப்பக்கம் வலப்பக்கம் எல்லாம் அவள் இஷ்டம். எதையும் அழிக்கவில்லை. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் மொய் நோட்டை அவர் மகனிடம் கொடுத்துவிட்டுப் பந்தியில் பரிமாறினேன். நாலைந்து பேர் என்னை யாரென்று கேட்டார்கள்.

இதைப் படிக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்பவர்களுக்குச் சில விவரங்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சை பெறுவது உங்கள் உரிமை, விவரத்தை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். இந்த நோயில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் மற்ற பலவற்றைவிட அதிகம் வரும். அந்த எண்ணம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அந்த எண்ணை அழையுங்கள், வீட்டில் ஒருவரை எழுப்புங்கள்.

மருத்துவரிடம் போனதும் பலருக்கு நாக்கு எழாது. தூக்கம் வரவில்லை, மனசு சரியில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, உண்மையை விழுங்கிக்கொண்டு திரும்பிவிடுவோம். நீங்கள் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அவர்களும் கேட்க மாட்டார்கள். அதனால் ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதி அப்படியே நீட்டுங்கள்: "என் முகத்தில் (அல்லது தோலில், முடியில், உடம்பில்) குறை இருப்பதாக ஒரு நாளில் இத்தனை மணி நேரம் யோசிக்கிறேன். கண்ணாடியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இதனால் இன்னின்ன இடங்களுக்குப் போவதில்லை. இது பி.டி.டி.யா என்று பார்த்துச் சொல்லுங்கள்."